ஆவுடைநாயகம் பிள்ளை கடைச் சோறு

சபைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கனம் ஐயம்பெருமாள் பிள்ளை அவர்களே, ஆன்றமைந்த பெரியோர்களே, நெல்லை நகர வணிகச் செல்வர்களே, பாளையங்கோட்டையிலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் வேதநாயகம் உபாத்தியாயர் அவர்களே, தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் யாவருக்கும் இந்தக் காந்திமதிநாதனின் வந்தனம்.

ஆவுடைநாயகம் பிள்ளை கடையை அழியாமல் காத்தவன் என்று எனக்குச் சால்வை கொண்டு வந்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதை மடித்தே வைத்திருங்கள்.

அந்தக் கடையில் ஆண்டாண்டாய் உண்டவன் நான். அவர் பரிமாறுவார், அவர் மனைவி பிரம்மநாயகி அம்மையார் பின்கட்டில் ஆக்குவார். அந்தச் சொதியை மறப்போமா? அந்த இஞ்சித் துவையலை மறப்போமா? போன வருஷத்து வாந்திபேதி அந்த மனிதரை ஒரே பகலில் கொண்டு போயிற்று. ஊரே அழுதது. நானும் அழுதேன்.

காரியம் முடிந்து கடை திறந்தார்கள். பரிமாற ஆளில்லை. வெள்ளைச் சேலையோடு அம்மையாரே அகப்பையுடன் கூடத்துக்கு வந்தார். என்ன செய்தோம் நாம்? பக்கத்து இலைக்காரர் எழுந்தார். "ஏன்வே எந்திரிக்கீரு?" என்றேன். "தாலியறுத்தவ கையால வாங்கித் திங்கச் சொல்லுதீரா?" என்றார். அவர் எழுந்தார், அடுத்தவர் எழுந்தார், பந்தியே எழுந்தது. வைத்த சோறு வைத்தபடி கிடந்த இலைகளை அம்மையார் ஒருவராகவே எடுத்தார். ஐயா, அதைப் பார்த்த கண் இது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அண்ணாச்சி, அவுக கடை மூடக்கூடாது. நீங்க முன்னால நில்லுங்க, நா பின்னால ஆக்குதேன். எம் பேரு வெளிய வரவேண்டாம்" என்றார்.

சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா வேலையை உதறினேன். கிறுக்கன் என்றீர்கள். அடுப்படியிலும் நானே நிற்பதாக நம்பினீர்கள். பிறகு, "பிள்ளைவாள் காலத்தையே மிஞ்சிட்டாரு, என்ன கைப்பக்குவம்வே" என்றீர்கள். சிரிக்காதீர்கள், எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. நீங்கள் ருசித்தது அவர் கை. நீங்கள் புகழ்ந்தது அவர் கை. எழுந்து போன அத்தனை பேரும் ஒரு வருஷமாய் உண்டு வளர்ந்தது அந்தக் கைச்சோற்றில்.

யாரது, "மோசம் பண்ணிட்டீரே" என்கிறவர்? ஆமாம் ஐயா. உம் வயிற்றைக் கேளும், மோசமா என்று சொல்லட்டும்.

இந்த ஒரு வருஷம் அவர் எப்படி இருந்தார் தெரியுமா? கூடத்தில் நீங்கள் சிரித்துப் பேசும்போது, சத்தம் கேட்டுவிடாமல் கரண்டியைப் பைய வைப்பார். தம் வீட்டில், தம் கணவர் கடையில், திருடியைப் போல ஒளிந்து நின்றார். அதற்கு மேலும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த மேடை ஏறினேன். "திரும்பவும் எந்திரிச்சுப் போயிருவாகளே அண்ணாச்சி" என்று அழுதார். கெஞ்சினேன், ஒப்புக்கொண்டார். நாளை நண்பகல் முதல் பந்திக்கு அம்மையார் கூடத்துக்கு வருவார். மறுபடியும் இலைகள் அப்படியே கிடந்தால், சீவலப்பேரியில் தம் தம்பி வீட்டு மூலைக்குப் போய்விடுவார். அடுப்பு அதோடு சரி.

சால்வை எனக்கு வேண்டாம். அவருக்கும் புகழ்மொழி வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கேட்பது ஒன்றுதான். பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி சொல்லி, தாய்மார்களை வணங்கி அதைக் கேட்டு அமர்கிறேன்: நாளை அவர் உங்கள் இலையருகே குனியும்போது, எழுந்திருக்காதீர்கள்.