திரும்பிப் பார்க்கிற மான்

வேணாம்மா, அந்த நாற்காலி வேணாம். யாரோ அதுல ஈர சாக்ஸ் காயப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அதுவும் ஒத்த சாக்ஸ். நான் இந்த பெஞ்சுலயே உக்காந்துக்கிறேன். நீங்க குனியாதீங்க, பூட்ஸ நானே கழட்டிக்குவேன். கிட்ட வராதீங்க, நாறுது. இந்த வயசுல என் காலயே நான் மூக்கப் பொத்திக்கிட்டுப் பாக்க வேண்டியிருக்கு.

டீயா? குடுங்க. கப்ப மட்டும் ஒரு தடவ கழுவிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களச் சொல்லல. இந்த வழியில தங்கின விடுதியெல்லாம் பாத்துட்டேன். கப்போட காதுக்கு உள்பக்கம் கறுப்பா ஒரு கோடு இருக்கும். கை அழுக்கு. எத்தன பேர் கை அழுக்கோ. அங்க விரல விட்டுத் தேய்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணாது.

இல்லம்மா, மேல போகல. நான் போயிட்டுத் திரும்பி வர்றேன். எல்லாரும் மலையடிவாரத்துல ஆரம்பிச்சு அந்தக் கோடியில முடிச்சு பஸ் ஏறிப் போயிடுவாங்க, தெரியும். நான் கோடி வரைக்கும் போய்ட்டு, மறுபடி இங்க வரைக்கும் நடந்தே வந்திருக்கேன். சிரிங்க, பரவால்ல. எதிர்ல வந்தவங்களும் சிரிச்சாங்க. வழி காட்ட மஞ்சக் கோடு போட்ட மரம்லாம் உங்களுக்கு முதுகக் காட்டுதே, வழி தப்பிட்டீங்களான்னு கேட்டாங்க.

போகும்போதும் இங்க வந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு. உங்க விறகு ஷெட்லதான் படுத்தேன். கேக்காமப் படுத்தது தப்புதான். அங்க எலி இருக்கு, பாத்துக்குங்க. ஓ, சாமான் வாங்கப் போயிருந்தீங்களா. சரி.

அழகா? எங்கம்மா இருக்கு? போர்டுல மட்டும்தான் அழகு. காடு, கோட்டை, ராஜா காலத்துக் கல்பாதைன்னு பெருசா எழுதி வெச்சிருக்காங்க. கோட்டைக்குள்ள போய்ப் பாத்தேன். அத்தன தலமுறையா நின்ன சுவரு. அதுல ஆணியால ரெண்டு பேரோட பேரு, நடுவுல ஒரு இதயம். பக்கத்துல இன்னொரு ஜோடி. அந்த ஜோடியில ஒரு பேர மட்டும் அப்புறமா வந்து யாரோ சுரண்டியிருக்காங்க. காதல் முறிஞ்சா வீட்ல உக்காந்து அழாம, மலையேறி வந்து சுவரச் சுரண்டிட்டுப் போயிருக்காங்க. கோபுரத்துல ஏறலாம்னு பாத்தா, முதல் படியிலயே மூத்திர நாத்தம். சுத்தி இவ்வளவு பெரிய காடு கிடக்கு. அத விட்டுட்டு ராஜா ஏறின படியிலதான் போகணுமா?

காட்டுக்குள்ள வந்தா அதவிட மோசம். பாறைக்குப் பின்னால எல்லாம் வெள்ளையா காகிதம். தூரத்துலேர்ந்து பாத்து ஏதோ பூவுன்னு நெனச்சுக் கிட்டப் போனேன். வெளிக்குப் போய்த் தொடச்சுப் போட்ட காகிதம், போயிருக்கவே கூடாது. ஊத்துல ஒருத்தன் சட்டி கழுவிக்கிட்டிருந்தான். நாங்க கீழ நின்னு அந்தத் தண்ணியத்தான் பாட்டில்ல புடிச்சுக்கிட்டிருந்தோம்.

ஒரு விடுதியில ஒரு பெரிய மனுஷர், சாப்பாட்டு மேசையில கால் நகம் வெட்டினாரும்மா. ஒரு துண்டு பறந்து வந்து என் ரொட்டிப் பக்கத்துல விழுந்துச்சு. எனக்கு யார் மூஞ்சிக்கு நேராவும் குறை சொல்ல வராது. ரொட்டிய அப்படியே வெச்சுட்டு எழுந்து போய்ப் படுத்துட்டேன். நல்லா தூங்கினேன்னு வேற காலைல அவரே என்கிட்ட சொல்றாரு.

ஏம்மா, பூட்ஸயே பாக்குறீங்க? சேறு தரையில ஒட்டுதா? இல்லையா. ஆமா, எனக்குப் பெருசுதான். ரெண்டு சாக்ஸ் போட்டுத்தான் நடக்குறேன். என் வீட்டுக்காரரோடது.

நான் இவ்வளவு பேசுறவளே இல்ல. தையல் கடையில காஜா போடுறவ. பொத்தானுக்குத் துளை போட்டு, அதச் சுத்தித் தைக்கிறது. அந்த வேலைக்கு வாய் தேவையே இல்ல. எங்க வீட்ல வாய் அவருக்குத்தான். அச்சகத்துல மெஷின் ஓட்டுற வேல. எத்தன சோப்பு போட்டாலும் நகத்துக்குள்ள மை போகாது. என் தலகாணி உறையில எல்லாம் அவர் விரல் ரேகை இருக்கும். இந்த வழியில மைக்காரர்னுதான் கூப்பிடுவாங்களாம்.

ம்ம். சக்கரை போடாதீங்க. போட்டுட்டீங்களா? சரி, இருக்கட்டும்.

மழை நின்னுதுன்னா போதும், வருஷா வருஷம் ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு இந்த வழிய நடக்க வந்துடுவார். ஒரே ஒரு தடவ, நானும் வரட்டுமான்னு கேட்டேன். உனக்கு இந்த அசிங்கமெல்லாம் ஒத்துக்காதுன்னார். அது ஒண்ணத்தான் உண்மையா சொல்லியிருக்கார்.

திரும்பி வந்ததும் கத சொல்வார். நான் தச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். ஆத்து மேல ஒரு கல் பாலம், மூணு வளைவு, நடு வளைவுல நின்னா காத்து ஆளையே தூக்கும். அப்புறம் ஒரு கல் சிங்கம், வாயத் திறந்துக்கிட்டு நிக்கும். மணிக்கூண்டோட நிழல் ஏரித் தண்ணியில விழும். ஒரு ஊத்துப் பக்கத்துல ரெண்டு மான். ஒண்ணு குனிஞ்சு தண்ணி குடிக்கும், இன்னொண்ணு கழுத்தத் திருப்பி நம்மளப் பாக்கும். எனக்கு எல்லாம் மனப்பாடம். சில வருஷம் அவர் எதையாவது விட்டுட்டா, மான் வரலையான்னு நானே கேப்பேன். வந்துச்சு, வந்துச்சும்பார்.

இந்த வருஷம் நானே ஒரு தடவ பாத்துடலாம்னு கெளம்பினேன். மக விடல. இந்த வயசுல காடா, மூட்டு என்னாகும்னு கத்தினா. பூட்ஸ எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அடிவாரத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் அவர் சொன்னது ஒண்ணுகூடப் பிசகலம்மா. வழுக்குப் பாறை இருக்கு. கூரை இல்லாத சுங்கச்சாவடி இருக்கு. வர்ற வழியில இருக்கிற விடுதிக்காரங்ககிட்ட மைக்காரர்னா, அட, அவரான்னு முகம் மலருது. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? அசிங்கம் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு நடந்தேன்.

உங்க விடுதியத் தாண்டினேன். பாலத்தக் காணோம்.

தண்ணிக்கு நடுவுல ரெண்டு தூண் நிக்குது, அவ்வளவுதான். கயித்தப் புடிச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில கடக்கணும். அங்க கயிறு மாத்துற ஆள்கிட்ட கேட்டேன், பாலம் எப்ப விழுந்துச்சுன்னு. அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சாம். அவருக்கே தல நரச்சாச்சு. சிங்கத்துக்குத் தலையே இல்ல, வாய எங்க திறக்கும்? மணிக்கூண்டு ஒரு மலையில, ஏரி அடுத்த மலைக்கு அந்தப் பக்கம். நிழல் விழணும்னா அதுக்கு றெக்கை முளைக்கணும். மான் அந்தக் காட்டுல கிடையவே கிடையாதாம். அட்டைதான். காதுக்குள்ளலாம் அட்டை. ஒவ்வொரு விடுதியிலயும் மைக்காரரத் தெரியுமான்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல.

முதல்ல, அவருக்கு மூட்டு வலியா இருக்கும்னு நெனச்சேன். பாதியில நின்னுட்டு, அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, கத கட்டியிருப்பார்னு. பாவமாக்கூட இருந்துச்சு. இந்த பூட்ஸோட அடியப் பாருங்க. நான் நடந்த இந்த ஒரு நடையிலயே ரப்பர் பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. அவர் அத்தன வருஷம் போட்டப்ப பெருசா தேயவே இல்ல. எவ்வளவு நல்ல பூட்ஸு பாருன்னு, கடைக்காரர்கிட்டப் போய்ப் பாராட்டிட்டு வேற வந்தேன். அந்த மனுஷன் என்ன நெனச்சிருப்பாரு.

ஒண்ணு மட்டும்தான் எனக்குப் பிடிபடல. அவருக்குக் கத கட்ட வராதும்மா. அச்சடிக்கிறவர். முன்னால என்ன வெச்சாங்களோ அத அப்படியே அடிப்பார், தப்போட. சொந்தமா ஒரு வார்த்த சேக்கத் தெரியாது. அப்ப பாலத்த யார் குடுத்தா? மான யார் குடுத்தா?

அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்களேன். அந்தச் சுவத்துல என்னமோ வரைஞ்சிருக்கே. வழியோட படமா? உங்கப்பா வரைஞ்சதா. அவரும் அவங்கப்பா சொன்னத வெச்சு வரைஞ்சாரா. இருங்க, கிட்டப் போய்ப் பாக்குறேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு வளைவுதான். சிங்கத்துக்கு வாய்க்குள்ள சிவப்புகூட அடிச்சிருக்கார். மணிக்கூண்டும் ஏரியும் ஒட்டிக்கிட்டு இருக்கு. சுவத்துல எடம் பத்தலன்னு நெருக்கிப் போட்டிருக்கார் போல, அந்த மூலையில ஜன்னல் வந்துடுது இல்ல. அதான் நிழல் தண்ணியில விழுது.

இந்த மான் திரும்பிப் பாக்குது. ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கார் உங்கப்பா. கண்ணுக்கு ஒரு புள்ளிதான் வெச்சிருக்கார், ஆனா நம்மளயே பாக்குது.

இந்த பெஞ்சுல உக்காந்தா நேரா இதுதான் தெரியும். ஒவ்வொரு வேள சாப்பிடறப்பவும் இதத்தான் பாத்துக்கிட்டிருந்திருப்பார்.

டீய மேசையிலயே ஊத்துறீங்க பாருங்க. கப் ரொம்பி வழியுது. வெச்சுடுங்க கீழ. நான் தொடச்சுக்கிறேன், துணி குடுங்க.

நான் உங்கள மிரட்ட வரல. கதவத் தாண்டி உள்ள கால் வெச்சதுமே அவர் போட்டுக்கிற கோட்டப் பாத்துட்டேன். கதவுக்குப் பின்னால, ஆணியில, அந்த சாம்பக் கலர். பாலத்துல நின்னப்ப காத்து பிடுங்கிட்டுப் போயிடுச்சுன்னு அவர் சொன்ன கோட்டு. நான் போட்ட காஜா. மூணாவது துளை கோணலா இருக்கும், அன்னிக்குக் கரண்ட் போயிடுச்சு. எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். அதப் பாத்ததுலேர்ந்துதான் வாய் நிக்காமப் பேசுறேன். நகம், மூத்திரம், காகிதம்னு. வேற என்ன பேசுறதுன்னு தெரியல.

உண்மையச் சொல்லட்டுமா? டீ வந்ததும் கப்போட காதத்தான் திருப்பிப் பாத்தேன். அழுக்கு இருக்கும்னு நெனச்சேன். இருந்தா நல்லாயிருக்கும்னு நெனச்சேன். இல்ல. இந்த வழியிலயே சுத்தமான கப்பு உங்களோடதுதான். அத நெனச்சா அந்த நகத்துண்டவிட அருவருப்பா வருது எனக்கு. நாத்தமா, அழுக்கா, ஒரு பொம்பள இருந்திருந்தா, வீட்டுக்குப் போய்த் திட்டிக்கிட்டே நிம்மதியா இருந்திருப்பேன்.

மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எப்ப ஆரம்பிச்சுது, என்ன ஏதுன்னும் சொல்ல வேணாம். கேட்டா மனசுல தங்கிடும்.

கோடியில பஸ்ல ஏறி உக்காந்துட்டேம்மா. டிக்கெட்டும் எடுத்துட்டேன். அப்பதான் தோணுச்சு, இது மூட்டு வலி இல்ல, பாதி வழியில யாரோ இருக்காங்கன்னு. போகட்டும், எப்படியோ போகட்டும்னுதான் முதல்ல உக்காந்திருந்தேன். ஆனா மழை நின்னுடுச்சு. மழை நின்னா அந்த யாரோ வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு ஒரு நெனப்பு. எறங்கிட்டேன். கண்டக்டர் என்னையும் திட்டினான், என் பூட்ஸயும் திட்டினான்.

இப்ப வரும்போது பாத்தேன், வெளியில மெத்தைய வெயில்ல போட்டிருக்கீங்க. ரெண்டு தலகாணி.

எடுத்து உள்ள வெச்சுடுங்கம்மா. பனி எறங்கப் போகுது. அவர் வரமாட்டார். மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, மெஷின் ஓடிக்கிட்டிருக்கறப்பவே, கீழ விழுந்துட்டார். ஆஸ்பத்திரி போற வரைக்கும்கூட உயிர் தாங்கல. அச்சகத்துக்காரங்க, சொந்தக்காரங்க, அவரோட பழைய சிநேகிதங்கன்னு ஒருத்தர் விடாம ஆள் விட்டுச் சொல்லியாச்சு. உங்களுக்கு யார் வந்து சொல்லப்போறா? நான்தான வரணும்.

உக்காருங்க. அந்த நாற்காலியில வேணாம், ஈரம். இங்க பெஞ்சுல உக்காருங்க. அழறதுன்னா அழுங்க, நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிறேன். இன்னிக்கு இங்கதான் தங்கணும், கால் வராது. அந்த மெத்தை மட்டும் எனக்கு வேணாம். வேற எதையாவது குடுங்க, விறகு ஷெட்டானாலும் சரி.

அந்தக் கோட்ட இப்படி எடுங்க. பயப்படாதீங்க, எடுத்துட்டுப் போகமாட்டேன். ரெண்டாவது பொத்தான் தொங்குது, வந்ததுலேர்ந்து கண்ண உறுத்திக்கிட்டே இருக்கு. ஊசி இருக்கா?