பொதுவில் இருக்கட்டும்

பூமியைப் பாகம் பிரிக்கும்போது கிணற்றை யாரும் பிரிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அதைப் பொதுவில் விட்டுவிடுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் சார், திருமலைசாமியை ஏன் தோப்புக்குக் கூட்டிப்போனேன் என்று கேட்கிறீர்கள். கிணற்றிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

பீளமேட்டில் எங்கள் கம்பெனி மூன்று மென்பொருள்கள் செய்தது. மூன்றும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கானவை. என்னுடையது அவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும். கிருபாசங்கருடையது வரிகளை ஒழுங்காக அடுக்கும். லோகப்பிரியாவுடையது பழைய மொழியிலிருந்து புதிய மொழிக்கு மாற்றும். எதுவானாலும் முதலில் அந்தப் புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். படிக்கும் பகுதி மூன்றுக்கும் பொது. அதை எழுதியவர் திருமலைசாமி.

அதை யாரிடம் வைப்பது என்று பேச உட்கார்ந்தோம்.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க," என்றார் கிருபாசங்கர்.

"அதெப்படிங்க. லோகப்பிரியாதான் நமக்கு முன்னால சேர்ந்தவங்க," என்றேன்.

"என்னைய எதுக்குங்க இழுக்கறீங்க. ஆளுக்கொரு காப்பி எடுத்துக்குவமுங்க."

எடுத்துக்கொண்டோம். அவரவர் காப்பியில் அவரவர் கைவைத்தோம். சில மாதங்களில், நான் பிழை என்ற வரியைக் கிருபாசங்கர் சரியென்று அடுக்கினார். லோகப்பிரியா அதை வேறு எதுவாகவோ மாற்றினார். எது எங்கே மாறியது என்பது திருமலைசாமிக்கு மட்டும் தெரியும். கேட்டால் காதைச் சொறிந்துகொண்டே சொல்வார். பொதுப்பகுதி எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தோன்றியது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படிச் சில விஷயங்கள் பிடிபடும்.

ஒருநாள் அவர் மைசூர்பாகோடு வந்தார். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"அங்க போயி வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடாதீங்க. கேலி பேசியே ஊட்டுக்கு அனுப்பிச்சுருவானுக," என்று கிருபாசங்கர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

நான் நிதானமாக யோசித்தேன். பெங்களூர் போனால் அவர் நமக்குப் பொதுவில்லை. என் வீட்டில் வைத்தால் அவர் என்னுடையவர் ஆகிவிடுவார். மற்ற இருவரும் மனதுக்குள் சங்கடப்படுவார்கள். உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் எனக்கும் சித்தப்பா மகன்களுக்கும் ஒரு பொதுக்கிணறு உண்டு. அதன் மோட்டார் ரூம் யார் பாகத்திலும் சேராது. இளநீர் குடிக்கலாம் என்று அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே கட்டில், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் முன்பே வைத்திருந்தேன். கதவை வெளியே பூட்டியது நான்தான்.

திருமலைசாமி பெங்களூரிலிருந்தே உதவுகிறார் என்று ஆபீஸில் சொன்னேன். மூவருடைய ஃப்ளாப்பிகளையும் நானே சுமந்தேன். முறை வைத்துத்தான் கொடுத்தேன். என் முறையைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். ரூமுக்குள் என்ன என்று சித்தப்பா மகன்கள் கேட்டபோது ஆபீஸ் சாமான் என்றேன்.

"இப்பத்தானுங்க மூணும் ஒரே மாதிரி வருது. பொதுப்பகுதிய எங்க வெச்சீங்க?" என்றார் லோகப்பிரியா.

"பொதுவுல வெச்சுட்டனுங்க."

"முன்னாலயே செஞ்சிருக்கலாமுங்க."

திருமலைசாமியின் மனைவி கீதா அவிநாசியிலிருந்து என்னைத் தேடி வந்தார். "ஏனுங்ணா, அவரு ஒரு போன் கூடப் பண்ணலீங்க." வேலை அதிகம் என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் தப்பிக்கப் பார்க்கவில்லையா என்கிறீர்கள். தினமும் ஜன்னலுக்கு வருவார். "ஏனுங்க, இன்னைக்காச்சும் கதவத் தொறந்து உடறீங்களா?" என்பார். "பாக்கலாமுங்க," என்பேன். "சரிங்க," என்று போய் உட்கார்ந்துகொள்வார். பிறகு ஜன்னலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். உங்கள் ஆட்கள் கதவை உடைத்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் அவருக்கு அங்கே இருக்க இஷ்டமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் சார்? ஒருநாளாவது கொஞ்சம் கோபமாகக் கேட்டிருந்தால், அப்போதே திறந்துவிட்டிருப்பேன்.