‘போதும்’ என்று அவர் சொல்லவில்லை

பைன் பலகையில் சாம்பல் நிறம் பூசி, ஈரத்துணியால் இரண்டு தட்டுத் தட்டினால் திரையில் கருங்கல் சுவராகிவிடும், ஐயா. உங்கள் காவல் நிலையச் சுவரைவிட நன்றாகவே இருக்கும். ஃபோர்ட் லீ படப்பிடிப்புக் கூடத்தில் அதுதான் என் வேலை. சுவர் எழுப்புவேன். பிறகு லயனலுக்குப் பதிலாக அதே சுவரிலிருந்து விழுவேன்.

லயனல் எங்கள் நட்சத்திரம். அவர் திருடன் வேஷம் போட்டால் ஊரே கைதட்டும். விழும்போது மட்டும் முகம் தெரியாமல் நான். எனக்கு இடுப்பெலும்பு முறிந்த வாரம் அவர் பத்திரிகைக்காரர்களிடம், "விழுறதெல்லாம் நானேதான். பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது" என்றார். படுக்கையில் கிடந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தலை நரைத்த பிறகு, திரையில் வரும் வசன அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற எழுத்து. கல்வி கண்ணைத் திறக்கும் என்பார்கள். திறந்தது.

நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியபோது, "வாய்யா ஹைரம், சாவி கொடுத்த பொம்மை மாதிரில்ல நடக்குறே. இனிமே என் நிழலுக்குக்கூட நீ லாயக்கில்ல, போ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தின் கடைசிக் காட்சியில் நிலவறைக்குள் திருடன் சங்கிலியில் மாட்டியிருக்க, தண்ணீர் ஏறும். படம்பிடிக்க முன்பக்கம் மட்டும் கண்ணாடி. முளையை அழுத்தினால் திறந்துகொள்ளும் விலங்கு செய்து தருவது என் பொறுப்பு. அன்று முளை இல்லாத ஒன்றை மாட்டினேன். திருடனுக்கு நிஜ விலங்குதானே பொருத்தம். தண்ணீர்க் குழாயும் என் கையில். ஆபத்தென்றால் கண்ணாடியை உடைக்கக் கோடரியும் என் கையில். முதலாளிகள் சிக்கனமானவர்கள்.

தண்ணீர் மார்புக்கு வந்தது. லயனல் கத்தினார். பேசாப் படத்தில் வாயிலிருந்து வருவதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? காதலியின் காலில் விழுந்து அழும்போதே அவர், "மத்தியானம் அந்தப் பன்னிக்கறி வேணாம்மா, வயித்தக் கலக்குது" என்பார். அவளும் கண்ணீரோடு தலையாட்டுவாள். ஆகவே பிடில்காரர் சோகமாக வாசித்தார். படப்பெட்டிக்காரர் கைப்பிடியைச் சுற்றினார். இயக்குநர் க்ரோவர் தகரக் குழாயை வாயில் வைத்து, "பிரமாதம் லயனல். அப்படித்தான். இன்னும் நல்லாப் பயப்படு" என்றார்.

இயக்குநர் ‘போதும்’ என்று சொல்வதற்குள் படப்பெட்டிக்கு முன்னால் போகிறவனுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். எங்கள் கூடத்தின் சட்டம் அது. நான் சட்டத்தை மதிப்பவன். கோடரியோடு நின்றேன். க்ரோவர் சொன்ன மறுகணமே உடைத்தேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னார், அவ்வளவுதான். விலங்கைக் கழற்றியதும் நானே. முளை துருப்பிடித்துச் சிக்கிவிட்டது என்றேன். விபத்து என்று முடிந்தது. முதலாளிகள் காட்சியை வீணாக்காமல் படத்தை வெளியிட்டார்கள். ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

பாட்டர்சன் பட்டு ஆலையில் வேலை செய்யும் காது கேளாத தம்பதி மட்டும் அழவில்லையாம். உதட்டைப் பார்த்தே பேச்சறிகிறவர்கள். "ஹைரம், இது நெஜ விலங்கு. சிரிக்காதே, உடை" என்று லயனல் திரையில் சொன்னதைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்களில் உண்மையாகவே கவனிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

விலங்கை மாற்றியது நான்தான். பயமுறுத்தத்தான் மாற்றினேன். எனக்குச் சிறையா, மின்சார நாற்காலியா என்பது லயனல் சொன்னது எனக்குக் கேட்டதா என்பதில்தான் இருக்கிறது என்கிறீர்கள். நன்றாகக் கேளுங்கள். அவர் உதவி கேட்டது காதில் விழுந்திருந்தால் சட்டமாவது மண்ணாவது என்று உடைத்திருப்பேன். தடித்த கண்ணாடி, பிடில், தகரக் குழாய். சத்தியமாக ஒரு சொல் கேட்கவில்லை.

பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கடைசியாகச் சொன்னது என்ன என்று அந்தத் தம்பதிக்குத் தெரியவில்லையா? "விழுந்ததெல்லாம் நீதான்னு பத்திரிகைக்காரங்ககிட்ட நானே சொல்றேன், ஹைரம். உடைச்சிடுப்பா" என்றார். நடிகர் பேச்சை எப்படி ஐயா நம்புவது.