முதலில் கேட்பவர்

தையல்காரி: மாடி ரூம் இன்னும் சூடான்னு பொண்ணு கேக்குறா. சூடா? எனக்கொண்ணும் தெரியலையே.

பூட்டுக்கடைக்காரர்: எனக்கும்தான். நல்லா காத்து வருது.

தையல்காரி: அப்புறம் ஏங்க ஈரத்துண்டைத் தலையில போட்டிருக்கீங்க?

பூட்டுக்கடைக்காரர்: குளிச்சேன்ல.

தையல்காரி: அது காலையில. கீழ. இப்போ மாடி ரூமுக்கு வந்து பத்து நிமிஷம்தான் ஆச்சு.

பூட்டுக்கடைக்காரர்: நீ மட்டும் என்ன, சுவத்துல கை வெச்சதும் வெடுக்குனு எடுத்தியே...

தையல்காரி: சுண்ணாம்பு ஒட்டும்னு எடுத்தேன்.

பூட்டுக்கடைக்காரர்: சரி, சுண்ணாம்பாவே இருக்கட்டும். பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது? கைக்குழந்தையோட இந்த ரூமுல வந்து இருக்கலாம்னு பாக்குறா. ரூம் இன்னும் அடுப்பாத்தான் இருக்குன்னா, ஆபீஸ் பக்கமா வாடகைக்குப் போயிடுவாளாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்.

தையல்காரி: போயிட்டா பேத்தியை போன்லதான் கொஞ்சணும்.

பூட்டுக்கடைக்காரர்: அதான்... ஏதாவது செய்யணும்.

தையல்காரி: செய்யணும். என்ன செய்யணும்? சொல்லுங்க.

பூட்டுக்கடைக்காரர்: நீயே சொல்லேன்.

தையல்காரி: அஸ்க்கு. முதல்ல வேணும்னு கேக்குறவங்கதான் தவணை கட்டணும்... நம்ம வீட்டுச் சட்டம் மறந்துபோச்சா? வாஷிங் மெஷின் வேணும்னு வாய் தவறிச் சொல்லிட்டு, என் கடைக் கல்லா எத்தனை மாசம் காலியாக் கிடந்துச்சு.

பூட்டுக்கடைக்காரர்: மெஷினுக்கே இப்படிப் புலம்புறியே. வீடே வேணும்னு வாயைத் திறந்தவன் நான். இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன்.

தையல்காரி: பழைய வீடுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க.

பூட்டுக்கடைக்காரர்: கூரை கெட்டியா இருக்குன்னு வித்தவன் சத்தியம் பண்ணான். வெயிலை அப்படியே இறக்கிவிடும்னு சொல்லலையே.

தையல்காரி: அப்போ கூரையை மாத்தணுங்கறீங்க.

பூட்டுக்கடைக்காரர்: கூரைன்னேன். மாத்தணும்னு சொன்னேனா?

தையல்காரி: ...ஏசி ஓடாமலா இருக்கு? அது பாட்டுக்கு ஓடுது. குளிர்ச்சி பூராவும் இந்த லொடலொட ஜன்னல் வழியாத் தெருவுக்குப் போகுது. நம்ம காசுல தெரு நாய்தான் சுகமாத் தூங்குது.

பூட்டுக்கடைக்காரர்: அப்போ ஜன்னலை மாத்தணுங்கற.

தையல்காரி: நாயைப் பத்திச் சொன்னேன்.

பூட்டுக்கடைக்காரர்: கெட்டிக்காரி... கடைக்குப் பூட்டு வாங்க ஒருத்தர் வந்தார். அவர் வீட்டுலயும் இதே கதைதானாம். ஓடுற வீட்டுக் கடனை முடிச்சுட்டு, ரிப்பேர் செலவையும் சேர்த்துப் பெரிசாப் புதுக் கடனாப் போட்டுக்கன்னு பாங்க்ல யாரோ யோசனை சொன்னாங்களாம்.

தையல்காரி: கூடவே கூடாது. பழைய கடன் குறைஞ்ச வட்டிக்கு வாங்கினது. அதைக் கலைச்சா மொத்தத்துக்கும் இன்னைக்கு இருக்குற கூடுதல் வட்டி கட்டணும். அதைத் தொடாம, மேல தனியாச் சின்னதா ஒண்ணு வாங்கணும். கரண்ட் பில்லுல மிச்சமாகுறதே தவணையில பாதியைத் தாங்கும்.

பூட்டுக்கடைக்காரர்: ...இவ்வளவும் உனக்கு யாரு சொன்னது?

தையல்காரி: ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்றவங்க பேசிக்குவாங்க. ஏன், உங்களுக்கு மட்டும்தான் வாடிக்கையாளர் இருக்காங்களா?

பூட்டுக்கடைக்காரர்: யாரோ மணி அடிக்கிறாங்க. நான் போறேன்.

தையல்காரி: நீங்க இருங்க, நான் போறேன்.

பூட்டுக்கடைக்காரர்: உனக்கு முட்டி வலி.

தையல்காரி: உங்களுக்குத் தலையில துண்டு.

பாங்க்காரர்: வணக்கம். கதவு திறந்திருந்துச்சு, மேலயே வந்துட்டேன். பாங்க்ல இருந்து வர்றேன். வீட்டைப் பார்த்து மதிப்புப் போடணும்.

பூட்டுக்கடைக்காரர்: வீடு மாறி வந்துட்டீங்க தம்பி.

தையல்காரி: அடுத்த தெருவா இருக்கும்.

பாங்க்காரர்: இல்லீங்கம்மா, இந்த வீட்டுக்குத்தான் ரெண்டு அப்ளிகேஷன் வந்திருக்கு. கூரைக்கு அடியில வெயில் தடுக்குற பலகை போட ஐயா கேட்டிருக்கார். ரெட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு நீங்க கேட்டிருக்கீங்க.

பூட்டுக்கடைக்காரர்: உஸ், என்ன சூடுடா சாமி இந்த ரூமுல.

பாங்க்காரர்: பழைய கடன் பாதிக்கு மேல அடைஞ்சிருச்சு. வீட்டு விலையும் ஏறியிருக்கு. ரெண்டு வேலைக்கும் தாராளமாக் கிடைக்கும், பழைய கடன் அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். தவணையை யார் கணக்குல பிடிக்கிறது? முதல்ல கேட்டது யாரு?

பூட்டுக்கடைக்காரர்: அவ.

தையல்காரி: அவர்.

பாங்க்காரர்: ரெண்டும் ஒரே நாள்ல குடுத்தது. ஐயாவோடதுல 'கூரை, ஜன்னல்'னு எழுதி, அப்புறம் ஜன்னலை மட்டும் அடிச்சிருக்கு.

தையல்காரி: இனிமே மறைச்சு என்ன... அவர்தான் தம்பி முதல்ல. வரிசையில அவருக்குப் பின்னாலயே நான் நின்னேன். கவுண்டர்ல கூரைன்னு அவர் சொன்னதைக் காதால கேட்டுட்டுத்தான் என் தாளை எடுத்து ஜன்னல்னு எழுதினேன். சட்டப்படி எல்லாத் தவணையும் பூட்டுக்கடைதான். எழுதிக்குங்க. நான் பொண்ணை வரச் சொல்லிடறேன்.

பாங்க்காரர்: அப்போ ஐயா கணக்குலயே...

பூட்டுக்கடைக்காரர்: கூரைக்கு மட்டும் தம்பி. ஜன்னலை முதல்ல கேட்டது அவதான், அது அவ கணக்கு. இத்தனை வருஷமா இந்த வீட்டுல கேக்குற செருப்புச் சத்தம், வரிசையில எனக்குப் பின்னால வந்து நின்னா தெரியாதா? கேட்டதும்தானே ஜன்னலை அடிச்சேன்.