பிரேக்கைத் தொடாத கால்

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. காலமெல்லாம் வண்டி ஓட்டியவனுக்கு முதுகைப் பற்றித்தான் முதலில் பேச வரும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நடந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். வெளியே நிற்கிற காவலர்கூட, "மனசைத் தளர விடாதீங்க, மிஷின் பண்ணின தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க" என்று தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தே கொடுத்தார். என்னை இப்படித் தாங்கு தாங்கென்று தாங்கி ரொம்ப வருடம் ஆகிறது. அந்தச் சுகத்தில்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுவிட்டேன்.

என் வேலை பிரேக் போடாமல் இருப்பது. சம்பளச் சீட்டில் சோதனை ஓட்டுநர் என்று இருக்கும். முன்னால் ஆள் வந்தால் தானே கண்டுகொண்டு தானே நிற்கிற வண்டியை ஓட்டிப் பார்க்கிற இடம் அது. நீளமான தார்ப்பாதை, சுற்றிலும் கம்பிவேலி, ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. பாதை நடுவே பஞ்சடைத்த பொம்மை நிற்கும். அதை நோக்கி நான் வேகமாகப் போக வேண்டும். கால் தன்னால் பிரேக்குக்குத் தாவும், தாவக் கூடாது. காலை அப்படிப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. தூக்கத்தில்கூடக் காலை மடக்கியே வைத்திருப்பேன். மனைவி போன பிறகு அதைக் கேலி செய்ய வீட்டில் ஆளில்லை. மகள் வெளியூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையை அதட்டப் போய்விடுவாள்.

வண்டியைத் தானே நிற்க வைக்கிற கருவியைக் கண்டுபிடித்த என்ஜினியரை நாங்கள் வவ்வால் என்போம். இருட்டில் வவ்வால் சத்தத்தை அனுப்பி, எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிற கதையைச் சொல்லித்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது, அவனுக்கும் அதில் வருத்தமில்லை. முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டான். நான் சார் என்றால் காது கேட்காதவன் மாதிரி இருப்பான், தம்பி என்றால்தான் திரும்புவான்.

கருவியை விலைக்கு வாங்க வருகிறவர்களுக்குப் பொம்மை போதவில்லை. "பஞ்சுப் பொம்மைக்கு என்ன, போனா போகுதுன்னு நிக்கும்" என்று ஒருவர் நக்கலடித்தார். வவ்வால் பொம்மையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தானே போய் நின்றான். நான் ஓட்டினேன். வண்டி அவன் முழங்காலை இடிக்காமல் நின்றது. அதன்பிறகு யார் வந்தாலும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்தச் சில நொடிகளை எப்படிச் சொல்வது. ஒரு மனிதன் தன் உயிரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, கட்டிக்கொண்டவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டி நின்றதும் பானெட்டைத் தட்டிச் சிரிப்பான். சாயங்காலம் டயர் கடைக்கு மேலே இருக்கிற என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், யாரோடும் பேசாமல் அதை நினைத்தே மறுநாள் வரை காலத்தைத் தள்ளிவிடுவேன்.

போன வாரம் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அண்ணே, அடுத்த வண்டி தானாவே ஓடும். நீங்க இனிமே அந்த சீட்ல கஷ்டப்பட வேண்டாம். உள்ள ஏசி ரூம்ல உங்களுக்கு வேலை சொல்லி வச்சிருக்கேன், சம்பளத்துல கை வைக்க விடல" என்றான். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஆளே இல்லாம வர்ற வண்டி முன்னாடி எப்படிப்பா நிப்பே? யாரைப் பார்ப்பே?"

"எப்பவும் பார்க்கிறதைத்தான். கண்ணாடிக்கு மேல இருக்கிற கேமராவை. உங்களை நான் பார்த்ததே இல்லண்ணே, பார்த்தா பயம் வந்துரும். மிஷின் மனசு மாறாது, மனுஷன் மாறுவான்ல."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனான்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சின்னத் திருத்தம் தேவை என்று தோன்றியது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அவன் பார்வை அந்தக் கேமராவிலிருந்து ஒரு சாண் கீழே இறங்க வேண்டும்.

அந்தக் கருவியில் ஒரு வழி இருக்கிறது. பின்னால் லாரி விரட்டிக்கொண்டு வருகிறது, நின்றால் நசுங்கிவிடுவோம் என்கிற மாதிரி நேரத்தில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் கருவி ஒதுங்கிக்கொள்ளும். அதை வைத்ததும் வவ்வால்தான். "கடைசிப் பேச்சு மனுஷனோடதா இருக்கணும்ணே" என்பான்.

கடைசியாக ஓட்டிக் காட்டிய அன்று ஐந்தாறு பேர் ஓரமாக நின்றார்கள். அவன் வழக்கமான இடத்திலிருந்து கையசைத்தான். கருவி ஒரு குறையும் வைக்கவில்லை. மணி அடித்தது, சிவப்பு விளக்கு மின்னியது, பிரேக் பிடிக்கத் தொடங்கியது. நான் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். பிரேக் விட்டுக்கொடுத்தது. மிதித்த காலை எடுக்கவில்லை. சத்தம் கேட்ட பிறகும் என் கால் பிரேக்குக்குப் போகவில்லை, பழக்கம் அப்படி.

நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். பெடல் சிக்கிக்கொண்டது, கருவிக்குக் கண் அவிந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் இன்று காலையில் அவன் மனைவி இங்கே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பண்ணின மிஷினே அவரைக் கொன்னுடுச்சுண்ணே. நீங்க உள்ள இருந்தும் ஒண்ணும் பண்ண முடியலையே, பாவம்" என்று அழுதாள். அவள் அழுததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டிக்குள் நான் இருந்தேன், ஆனாலும் எல்லாவற்றையும் வண்டியே செய்துவிட்டதாம். இதிலும் நான் இல்லாமல் போய்விட்டேன். ஆகவே பேனாவை எடுத்துத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கொன்றது கருவி இல்லை, நான்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. வண்டி நிற்காது என்று தெரிந்ததும் அவன் கண் கேமராவை விட்டு இறங்கி என்னிடம் வந்தது. அதில் பயமில்லை. ரொம்ப நாள் கழித்து வேண்டியவரைப் பார்த்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது இருந்தது. வந்தவர்களில் ஒருவர் எடுத்த வீடியோவில், அவன் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடப் பார்ப்பது தெரிகிறது என்கிறீர்கள். அவர் பக்கவாட்டில் நின்றவர், சார். நேருக்கு நேர் இருந்தவன் நான் ஒருவன்தான்.