ஒட்டகம் நிற்காத தெரு

– சிரிக்காதடா ஒட்டகம்! மலை மலையா சைக்கிள் மிதிச்சவன், இன்னைக்கு உன் வீட்டு ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

– உக்காருங்க கேப்டன். ஃபேன் போடவா?

– இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கேன், ஃபேன் போடவான்னு கேக்குறான் பாரு. தங்கச்சி, உன் வீட்டுக்காரன் மாறவே இல்லையாம்மா?

– இவரா? வாயைத் திறக்கறதுக்கே நாள் பாக்கணும் அண்ணே. பேசிட்டு இருங்க, காபி கொண்டு வரேன்.

– ஒட்டகம்னு பேர் வச்சதே நான்தாம்மா, கேட்டுக்க. சைக்கிள் ரேஸ் ஓடிக்கிட்டிருக்கும்போதே பின்தங்கி டீம் கார்கிட்ட போவான். சட்டைக்குள்ள எட்டு பாட்டில் தண்ணியைத் திணிச்சுக்கிட்டு, முதுகு புடைச்சு வந்து எங்களுக்கெல்லாம் குடுப்பான். தனக்கு ஒண்ணு வச்சுக்க மறந்துடுவான்.

– மறக்கல. கனம்னு வச்சுக்கல.

– எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் உன் முதுகுதான்டா. பதினோரு வருஷம்! எதிர்காத்து பூரா நீ வாங்கிக்குவ, நான் பின்னாடி சொகுசா வருவேன். கடைசி முந்நூறு மீட்டர்ல நீ ஒதுங்குவ, நான் பாஞ்சு ஜெயிப்பேன். பேப்பர்ல என் மூஞ்சி.

– அதுதானே கேப்டன் என் வேலை.

– சாயங்காலம் ஹோட்டல் ரூம்ல, ஈரச் சட்டையை ஜன்னல்ல காயப் போட்டுட்டு, காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். நாளைக்கு மழை வந்தா என்ன பண்றதுன்னு நான் புலம்புவேன். நீ ‘நனைவோம்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவ.

– நீங்க குறட்டை விட ஆரம்பிக்கறதுக்குள்ள தூங்கணுமே.

– அந்தக் குறட்டைக்கு இன்னைக்கு ஆள் இல்லடா. என் சம்சாரம் போயி மூணு வருஷம் ஆச்சு. அதை விடு. ஞாயித்துக்கிழமை பழைய டீம் ஆளுங்க எல்லாம் கூடுறோம். நீ வரணும்.

– மத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?

– எங்க ஒத்துக்குறானுங்க? ‘அவன் வந்தா நாங்க வரல’ன்னு நாலு பேர் முறுக்கிக்கிட்டு நிக்கிறானுங்க.

– அப்ப விடுங்க கேப்டன்.

– விடறதுக்கா இந்தப் படியெல்லாம் ஏறி வந்தேன்? ஒரே ஒரு காரணம் சொல்லுடா, அவனுங்க வாயை நான் அடைக்கிறேன். அன்னைக்கு ஏன் நிக்கல?

– ஆசை. ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு ஆசை வந்துடுச்சு.

– யார் காதுல பூ சுத்துற? ஆசைப்படத் தெரிஞ்சவனா நீ?

– அண்ணே, காபி சூடா இருக்கு, பாத்து. எங்க நிக்கல இவரு?

– உன்கிட்ட சொல்லலையாம்மா? ரேஸ் ஒருத்தனோட சொந்தத் தெரு வழியா போச்சுன்னா, மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைச்சு, ‘போய்ப் பாத்துட்டு வா’ன்னு அவனை முன்னாடி விடும். பொண்டாட்டி புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, கூட்டம் வந்ததும் அவன் சேந்துக்கணும். எங்கயும் எழுதி வைக்கல, ஆனா யாரும் மீறினதில்ல. அன்னைக்கு இவனை முன்னாடி விடச் சொல்லி ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டது நான்! தெருவுக்குள்ள போனான், நிக்கவே இல்ல. பாக்கி அறுபது கிலோமீட்டரையும் தனியாவே மிதிச்சு ஜெயிச்சுட்டான். மேடை ஏறிக் கப்பு வாங்கக்கூட ஆளைக் காணோம். அவ்வளவு திமிர்!

– கேப்டன், போதும்.

– என்னடா போதும்? அதுக்கப்புறம் இவன்கிட்ட ஒருத்தனும் பேசல. அடுத்த வருஷம் ஒரு டீமும் சேத்துக்கல. நானே சேத்துக்கல. ‘உங்களுக்கு எதிர்காத்துல நிக்க அவர் இருந்தாரே, அவருக்கு யாருங்க நின்னாங்க’ன்னு என் சம்சாரம் கேட்டா. அன்னைக்குக்கூட நான் இறங்கி வரல.

– ஏங்க, முட்டி வலின்னுதானே ரேஸை விட்டேன்னு சொன்னீங்க?

– பழசெல்லாம் எதுக்கு இப்ப? நீ உள்ள போ.

– இவன் முட்டி இரும்பும்மா! நீயே சொல்லு, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல காத்துக்கிட்டு நின்னிருப்பியே. உன்னையும்தானே ஏமாத்திட்டுப் போனான்?

– ஏய், சொல்றேன்ல, உள்ள போ.

– போகமாட்டேன். இத்தனை வருஷம் நீங்க துரோகிப் பட்டம் சுமந்தது போதும். அண்ணே, அன்னைக்கு வாசல்ல நான் நிக்கல, பூட்டுதான் தொங்கிச்சு. வருஷத்துல நாப்பது நாள் வீட்ல இருந்தா பெருசு, பெத்த புள்ளையே இவரைப் பாத்து ‘யாரும்மா இது’ன்னு கேட்டுச்சு. போதும்டா சாமின்னு புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். எதிர்வீட்டு அக்கா கத்திச் சொல்லித்தான் இவருக்கே தெரியும். எங்கம்மா வீடு உங்க ரேஸ் முடியற ஊர்ல இருந்துச்சு அண்ணே. இவர் ஜெயிக்க மிதிக்கல. முதுகுல நம்பரோட, வேர்வை சொட்டச் சொட்ட வந்து எங்கம்மா வீட்டுக் கதவைத் தட்டினாரு.