வாயில் கடித்த நூல்

அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் தோழி கிலாஷாவின் சித்தி ஆக்னியாவுக்கு நடந்தது.

மாலை நான்கு மணி. டிசம்பர் மாதத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் அது இரவுதான். கால்வாய் ஓரச் சாலையில் ஆளே இல்லை. பனியில் அவள் காலடி மட்டும்... நறுக், நறுக். கையில் ஒரு பட்டு உடையோடு நாடக அரங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். லிதியா என்ற நடனக்காரிக்காக அவள் தைத்தது. லிதியா இரண்டு முறை ஆடினாள். பிறகு காய்ச்சலில் செத்துப்போனாள். இன்று அதே உடையில் வெரோனிகா ஆடப்போகிறாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம்.

புதுமாதிரி உடை அது. இடுப்பை இறுக்கும் கச்சு கிடையாது. மயில்தோகைக் கண்களை ஜரிகையால் தைக்காமல் சாயத்தால் எழுதியிருந்தார்கள். எடையே இல்லை. அதனால் உடம்பு சுழன்று நின்ற பிறகும் துணி சுழலும். ஆனால் முழு உடையும் தொங்குவது இரண்டு தோள் தையலில்தான்.

வெரோனிகா உடுத்தி நின்றாள். திரை எழும் நேரத்தில் இடது தோள் தையல்... சர்ரென்று பிரிந்தது.

கழற்ற நேரமில்லை. உடம்பில் வைத்தே தைத்தால் புத்தியையும் சேர்த்துத் தைத்துவிடுவோம் என்று எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டு. தையல் முடியும்வரை உடுத்தியவள் பல்லில் ஒரு நூலைக் கடித்திருக்க வேண்டும். ஆக்னியா ஒரு சிவப்பு நூலை நீட்டினாள்.

"கடிச்சுக்கோடி. வாயைத் திறக்காதே."

வெரோனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஏதுக்கா புத்தி, நீ தைக்கிறதுக்கு?"

நூல் விழுந்தது. ஆக்னியா குனிந்து தேடினாள். தரையில் இல்லை... மணி அடித்துவிட்டது. அப்படியே தைத்து முடித்தாள்.

மேடையில், வலப்புறம் சுழல வேண்டிய இடத்தில் வெரோனிகா இடப்புறம் சுழன்றாள். லிதியா அப்படித்தான் சுழல்வாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. உள்ளே வந்தவளின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஜன்னலைத் திற, குண்டூசி. எரியுது."

குண்டூசி... ஆக்னியாவை அப்படிக் கூப்பிட்டவள் லிதியா ஒருத்திதான்.

ஆக்னியா கத்தரியை எடுத்துத் தோள் தையலை அறுத்தாள். உடை நழுவியது. வெரோனிகா திடுக்கிட்டாள்.

"ஐயோ, ஏன்க்கா அறுத்துட்டே? இப்பத் திரையைத் தூக்கிடுவாங்களே, நான் இன்னும் மேடை ஏறவே இல்லையே!"

வெளியே இன்னும் வெரோனிகாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஆக்னியா உடையை ஆணியில் மாட்டினாள். பட்டிலிருந்து, காய்ச்சலில் கிடந்த லிதியாவைத் துடைத்த வினிகரின் வாடை... விளக்கை உயர்த்தினாள்.

உடையின் கழுத்துக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு வாய் இருக்கும் உயரத்தில், அந்தச் சிவப்பு நூல் தொங்கியது. கடித்த முனை ஈரமாக இருந்தது.